மோஹாக் கவிஞர் மோரிஸ் கென்னி: வாசகர் வட்டத்தில் 45 நிமிடம் பேச என்ன வேண்டும்?

பால்மரத்தடி (தாப்பா):

வணக்கம். மலேசியாவில், எங்கள் தாப்பா வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அமெரிக்கப் பூர்வகுடிக் கவிஞர் மோரிஸ் கென்னியைப் பற்றிப் பேச வேண்டும். மொத்தம் 45 நிமிடம். வருகிறவர்கள் இருபதிலிருந்து இருபத்தைந்து பேர். பாதிக்கு மேல் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், நாலைந்து பேர் படிவம் 4, 5 மாணவர்கள். மாதாகோயில் பக்கத்திலிருந்து இரண்டு குடும்பங்களும் வழக்கமாக வரும்.

தெரிய வேண்டியவை: அவர் வாழ்க்கையில் எதை எடுப்பது, எதை விடுவது? மோஹாக் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது? ஒரே ஒரு கவிதை மொழிபெயர்த்து வாசிப்பதானால் எது? அதைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் உரிமைச் சிக்கல் வருமா?

வடகரை:

வாழ்க்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

பிறப்பு 1929 ஆகஸ்ட் 16, நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் வாட்டர்டவுன். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் கூட்டத்தின் கண்ணில் வரும், அதை முதலிலேயே கலைத்துவிடுங்கள். நகரத்துக்கும் வாட்டர்டவுனுக்கும் சாலை வழி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கனடா எல்லைக்குப் பக்கம். பனியும் காடும் ஆறும்தான் அங்கே. வெண்பலகையில் ஒரு படம் போட்டு வையுங்கள்: மேலே செயின்ட் லாரன்ஸ் ஆறு, ஆற்றின் மேல் அக்வசாஸ்னி என்ற மோஹாக் ஊர், தென்மேற்கே வாட்டர்டவுன், கிழக்கே மலைக்குள் சரனாக் லேக், வெகு கீழே புரூக்ளின். இந்த ஐந்து புள்ளிகளுக்குள் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

தந்தை வழியில் மோஹாக். பெற்றோர் பிரிந்தபோது தாயோடு நியூ ஜெர்சியின் பேயோனுக்குப் போய், பிறகு தந்தையிடமே திரும்பினார். மோஹாக்குகளிடம் ஆமை, ஓநாய், கரடி என மூன்று குலங்கள், குலம் தாய் வழியாகத்தான் இறங்கும். அதனால் 'இன்ன குலத்தைச் சேர்ந்தவர்' என்று கென்னியைப் பற்றி எழுதாதீர்கள். 'மோஹாக் வழிவந்தவர்' போதும், அதுதான் சரியும்கூட.

படிப்பு பட்லர் பல்கலைக்கழகத்திலும் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்திலும், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கவிஞர் லூயிஸ் போகனிடம். மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, சிக்காகோ என்று சுற்றிவிட்டுப் புரூக்ளினில் நெடுங்காலம் தங்கினார். இந்த ஊர்ப் பட்டியலை ஒரே வரியில் முடியுங்கள், அரங்கம் தூங்கிவிடும்.

நிறுத்திப் பேச வேண்டிய ஆண்டு 1973. அந்த பிப்ரவரி 27 முதல் மே 8 வரை, 71 நாள், தெற்கு டகோட்டாவில் வூண்டட் நீ என்ற இடத்தைப் பூர்வகுடிப் போராளிகள் பிடித்து வைத்திருந்தார்கள். 1890இல் லகோட்டா மக்களை ராணுவம் சுட்டுக் கொன்ற அதே இடம். கென்னி எழுதிய 'நானே ஞாயிறு' என்ற நெடும்பாட்டு இதற்கான எதிர்வினைதான். 'அக்வசாஸ்னி நோட்ஸ்' என்ற பூர்வகுடிச் செய்தித்தாளில் வந்தது, 1976இல் நூலானது. முதல் கவிதை நூலுக்கும் (1958) இதற்கும் நடுவில் பதினெட்டு ஆண்டு. தன் மண்ணைப் பாடும் கவிஞராக அவர் உருவானது நாற்பது வயதைத் தாண்டித்தான். மாணவர்களுக்குச் சொல்ல இது உதவும்.

1976இலேயே ஸ்ட்ராபெரி பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தையும் தொடங்கினார். பூர்வகுடிக் கவிஞர்களை மட்டும் வெளியிட்டது அது, சிறு நூல்களாகவும் கவிதை அச்சிட்ட அஞ்சலட்டைகளாகவும். பாலா கன் ஆலனின் ஒரு தொகுப்பு 1981இல் அங்கேதான் வந்தது. கூடவே 'காண்டாக்ட் டூ' என்ற கவிதை இதழின் இணையாசிரியர். என்னைக் கேட்டால் அவருடைய கவிதைக்குச் சமமான சாதனை இந்த அஞ்சலட்டைகள். பெரிய பதிப்பகம் கண்டுகொள்ளாத கவிதை, ஒரு தபால்தலைச் செலவில் ஊர் ஊராகப் போனது.

ஆசிரியர் வேலைக்கு வந்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. சரனாக் லேக்கில் உள்ள நார்த் கன்ட்ரி சமுதாயக் கல்லூரி, பிறகு பாட்ஸ்டாமில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம். இடையில் ஓக்லஹோமாவிலும், கனடாவின் பென்டிக்டனில் பூர்வகுடிகளே நடத்தும் எனோவ்கின் மையத்திலும் வருகைப் பேராசிரியர். மறைவு 2016.

இன்னொன்று. அவர் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை ஒளித்தவர் அல்ல. பூர்வகுடிச் சமூகங்களில் தன்பால் உறவின் வரலாற்றைப் பற்றி 1970களின் நடுவிலேயே கட்டுரை எழுதினார், இன்றும் ஆய்வாளர்கள் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள். விழுங்கிவிட்டால் வாழ்க்கை வரலாறு ஓட்டையாகிவிடும்.

எழுத்தெண்ணி:

பெயர்கள் என் பக்கம்.

'மோஹாக்' என்றால் மாணவர்களுக்கு முடிவெட்டுதான் தெரியும். அது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. பக்கத்து இனத்தார், பகையில், 'மனிதரைத் தின்பவர்' என்ற பொருளில் சொன்னது வெள்ளையர் வாயில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தங்களைச் சொல்வது கனியெங்கெஹாகா, சிக்கிமுக்கிக் கல் நாட்டு மக்கள்.

'மோஹாக்' அவர்கள் மொழியில் பிறந்திருக்கவே முடியாது என்பதை ஒரு நொடியில் காட்டலாம். கூட்டத்தை 'பாப்பா', 'மாமா' என்று சொல்லச் சொல்லுங்கள். உதடு ஒட்டுகிறதல்லவா? மோஹாக் மொழியின் சொந்தச் சொற்களில் உதடு ஒட்டும் ஒலியே கிடையாது. ப இல்லை, ம இல்லை. மொத்தமே 12 ஆங்கில எழுத்துகளை வைத்து எழுதிவிடுகிறார்கள். அம்மாவுக்கு அவர்கள் சொல் 'இஸ்தா'. கென்னியின் புகழ்பெற்ற நூலின் பெயரோ 'மாமா கவிதைகள்'. இங்கே 'மாமா' என்றால் அம்மா. இதை விளக்காமல் தலைப்பை மட்டும் சொன்னால் நம்மவர்கள் தாய்மாமன் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். 'அம்மா கவிதைகள்' என்றே போடுங்கள்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. நாம் 'கடல்' என்றால் அழுத்தமான க, 'மகன்' என்றால் மென்மையான க. எழுத்து ஒன்று, ஒலி இடத்தைப் பொறுத்தது. மோஹாக்கிலும் இப்படித்தான், விதிதான் வேறு: உயிருக்கு முன்னால் வந்தால், சொல்லின் தொடக்கமாக இருந்தாலும், க-வும் த-வும் மெலிந்துவிடும். ஆகவே கென்னி காவியமாக எழுதிய தெகொன்வதொன்தி என்ற மோஹாக் பெண்ணின் பெயரில் முதல் எழுத்தைத் 'தென்னை'யின் தெ போலச் சொல்லக்கூடாது, 'தெய்வம்' என்பதில் வரும் தெ. நடுவில் வரும் 'ஒன்' மூக்கொலி. 'நாளைக்கு வரும்' என்று வேகமாகச் சொல்லும்போது கடைசி ம் உதட்டில் முடியாமல் மூக்கோடு போய்விடுமே, கிட்டத்தட்ட அது.

இதே பெயரைப் பழைய நூல்கள் ஆங்கில D, G எழுத்துகளால் எழுதும், கென்னி T, K என எழுதுவார். ஒரே பெண்தான். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலேயருக்கு அவர் மோலி பிரான்ட். போர்த்தலைவர் ஜோசப் பிரான்ட்டின் அக்காள், ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஜான்சனின் துணைவி. கென்னி நூலின் தலைப்பில் 1735–1795 என்று இருக்கும், வரலாற்று நூல்களில் பிறப்பு ஏறத்தாழ 1736, இறப்பு 1796. தாளில் எதைப் போட்டாலும் ஒன்றையே போடுங்கள்.

மொழிபெயர்ப்பில் இரண்டு குழிகள். 'செவ்விந்தியர்' வேண்டாம். 'இந்தியர்' என்றால் இந்த நாட்டில் நாம்தான், குழப்பம் இரட்டிப்பாகும். 'பூர்வகுடி' என்று சொல்லுங்கள், தாப்பாவிலிருந்து மலையேறும் வழியில் இருக்கும் செமாய் மக்களை வைத்து உடனே புரிந்துகொள்வார்கள். அடுத்தது, மோஹாக் உள்ளிட்ட ஆறு இனக் கூட்டமைப்பினர் தங்களை 'நீள்வீட்டு மக்கள்' என்பார்கள். நம் கூட்டத்துக்குச் சரவாக்கின் நீள்வீடான ரூமா பாஞ்சாங் நினைவுக்கு வரும், பெரியவர்களுக்குத் தோட்டத்து வரிசை வீடான லயமே வரும். இரண்டும் இல்லை. இது தரையிலேயே நிற்பது, மரச்சட்டத்தின் மேல் எல்ம் மரப்பட்டை போர்த்தியது. நடுவே வரிசையாக அடுப்புகள், ஒவ்வோர் அடுப்புக்கும் எதிரெதிரே இரண்டு குடும்பம். லயம் துரை கட்டிக் கொடுத்தது. நீள்வீட்டில் தாய்வழிச் சொந்தங்கள் சேர்ந்து இருந்தார்கள்.

பால்மரத்தடி:

இருவருக்கும் நன்றி ஐயா. 'தெய்வம்' உதாரணம் ஒன்றே போதும். வேறு ஒரு தளத்தில் அவருக்கு அமெரிக்கத் தேசிய நூல் விருது கிடைத்ததாக இருக்கிறது, போடலாமா? 'கறுப்பு அங்கி' என்று ஏசு சபைப் பாதிரியார் பற்றி ஒரு நூலும் இருக்கிறதாமே. மாதாகோயில் ஆட்கள் முன்னால் அதைத் தொடலாமா?

ஓரக்குறிப்பு:

விருது: போடக்கூடாது. கென்னிக்கு 1984இல் 'அம்மா கவிதைகள்' நூலுக்குக் கிடைத்தது அமெரிக்கன் புக் அவார்ட், அதைக் கொடுப்பது பிஃபோர் கொலம்பஸ் அறக்கட்டளை. தேசிய நூல் விருது வேறு. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், 1980 முதல் 1986 வரை அந்தத் தேசிய விருதையும் இதே 'அமெரிக்கன் புக் அவார்ட்ஸ்' என்ற பெயரில்தான் கொடுத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு விருது, அதுவும் இவர் வாங்கிய ஆண்டில். விருதோடு அறக்கட்டளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

'கறுப்பு அங்கி' (1982): தாராளமாகத் தொடலாம், ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு தொடுங்கள். ஐசக் ஜோக் பிரெஞ்சு ஏசு சபைக் குரு. 1642இல் மோஹாக்குகளிடம் பிடிபட்டு வதைபட்டார், விரல்கள் சிதைந்தன. டச்சுக்காரர் உதவியால் தப்பிப் பிரான்சுக்குப் போனவர் திரும்பியும் வந்தார். 1646இல் சமாதானத் தூதராக மோஹாக் ஊருக்குள் போய்விட்டுக் கிளம்பும்போது, மீண்டும் வருவேன் என்று தன் பெட்டி ஒன்றை அங்கேயே விட்டுப் போனார். பிறகு ஊரில் நோய் பரவியது, பயிரும் கெட்டது. பழி பெட்டியின் மேல் விழுந்தது. அக்டோபரில் திரும்பி வந்தவரைக் கொன்றார்கள். 1930இல் அவருக்குப் புனிதர் பட்டம்.

கென்னி இதை ஒரே குரலில் சொல்லவில்லை. குருவும் பேசுகிறார், அவரை எதிர்கொண்ட மக்களும் பேசுகிறார்கள். அதனால் 'புனிதரைத் திட்டிய நூல்' என்று அறிமுகப்படுத்தினால் தப்பு, 'மறைசாட்சியைப் பாடிய நூல்' என்றாலும் தப்பு. அந்தப் பெட்டியை மட்டும் நடுவில் வையுங்கள். குருவுக்கு அது பூசைச் சாமான், ஊருக்கு அது திறக்காத ஆபத்து. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் அம்மக்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்தது வரலாறு, ஆகவே அவர்கள் பயத்தில் மடமை இல்லை. இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், நீட்டினால் மீதி நேரம் முழுக்க இதிலேயே போய்விடும்.

கீற்றுக்கொட்டகை:

கவிதைக்கு யோசிக்கவே வேண்டாம், 'காட்டு ஸ்ட்ராபெரி'. கேமரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிற ஊரில் பேசுகிறீர்கள். பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிய பழத்தைப் பார்க்காதவர் அரங்கில் இருக்க மாட்டார்.

கவிதையில் நடப்பது இவ்வளவுதான்: பேசுகிறவர் கிரேஹவுண்டு பேருந்தில் புரூக்ளினுக்கு வந்து, கடைப் பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறார். மெக்சிகோ விவசாயிகளின் முதுகில் விளைந்தது. கட்டையாக இருக்கிறது, நிறமில்லை, இனிப்பில்லை. நினைவு வடக்கே ஓடுகிறது. புல்வெளியில் குனிந்து பறித்த காட்டுப் பழம், பழத்துக்காகப் பறவையோடும் பாம்போடும் போட்ட சண்டை, தாயார் காயத்துக்குக் கட்டிய பச்சிலை. கடைசியில் மறுபடி புரூக்ளின், ஜனவரிப் பனி.

அநேகமாக எல்லா மொழிபெயர்ப்பும் கெடுவது ஓரிடத்தில். இதை 'அந்தக் காலம் போல வருமா' என்ற ஏக்கப் பாட்டாக்கிவிடுவார்கள். 'முதுகு' என்ற சொல் கவிதையில் இரண்டு முறை வருகிறது. முதலில் மெக்சிகோ தொழிலாளியின் முதுகு, பிறகு சிறுவயதில் பழம் பொறுக்கிக் குனிந்து வலித்த தன் முதுகு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுங்கள். ஒன்றை 'உழைப்பு' என்றும் மற்றதை 'இடுப்பு வலி' என்றும் மாற்றினால் கவிதையின் எலும்பு முறிந்துவிடும். கென்னி பழத்தைக் குறை சொல்கிறார், பறித்த கையைக் குறை சொல்லவில்லை. அந்தக் கைகளை அறியேன் என்பதுதான் அவர் மனத்தாங்கல். நிரை பிடித்து ரப்பர் பால் வெட்டிய பெரியவர்கள் முன்னால் வாசிக்கிறீர்கள், அவர்களுக்கு உரை தேவைப்படாது.

சொற்கள். பழத்தை ரத்தத்தோடு சேர்த்துச் சொல்லுவார். 'குருதி', 'உதிரம்' வேண்டாம், 'ரத்தம்' என்றே வையுங்கள். ரத்த சொந்தம் என்ற பொருள் அதில்தான் ஒட்டும், கவிதைக்கு அந்தப் பொருள் வேண்டும். கவிதை ஆங்கிலத்தில் 'உம்' போன்ற இணைப்புச் சொல்லோடு தொடங்குகிறது, அதை 'மேலும்' என்று போட்டால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். 'பிறகு' என்று தொடங்குங்கள், முன்னால் ஏதோ நடந்து முடிந்த உணர்வு கிடைக்கும். பாம்பு நஞ்சில்லாத சிறு புல்பாம்பு, 'நாகம்' என்று எழுதி நாடகம் ஆக்கவேண்டாம். சாசஃப்ராஸ் என்பது அங்குள்ள மணமுள்ள மரம், நமக்குப் பெயர் கிடையாது. 'பச்சிலைப் பற்று' என்று வாசித்துவிட்டு, யாராவது கேட்டால் விளக்குங்கள். ஸ்ட்ராபெரிக்கு அகராதித் தமிழ் தேடவே தேடாதீர்கள்.

பழத்தின் அளவையும் கையால் காட்டுங்கள். கேமரன் மலைப் பழம் கட்டைவிரல் பருமன் இருக்கும். காட்டுப் பழம் சுண்டுவிரல் நுனிதான், ஒரு கைப்பிடி சேர்க்கவே நெடுநேரம் குனிய வேண்டும். வலி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியும். அங்கே ஆண்டில் முதலில் பழுப்பது அதுதான், ஜூன் வாக்கில். நீள்வீட்டு மக்கள் அதற்கென்று நன்றித் திருவிழா எடுக்கிறார்கள். இறந்தவர் போகும் பாதையோரம் இந்தப் பழம் இருக்கும் என்பது நம்பிக்கை. கென்னி தன் பதிப்பகத்துக்கு இந்தப் பெயரை ஏன் வைத்தார் என்று யாரும் கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஓரக்குறிப்பு:

உரிமை பற்றி யாரும் தொடவில்லை. மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 50 ஆண்டு. கென்னி 2016இல் இறந்தார், ஆக 2066 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. முழுக் கவிதையையும் மொழிபெயர்த்து அச்சிட்டு விநியோகிக்க உரிமையாளர் அனுமதி வேண்டும், இலவசமாகக் கொடுத்தாலும்தான். திறனாய்வுக்காகச் சில வரி எடுத்துக்காட்டிப் பெயர் குறிப்பிடுவது வேறு விஷயம். தாளில் மூன்று நான்கு வரியும் அருஞ்சொற்பொருளும் போடுங்கள், முகநூலில் முழு மொழிபெயர்ப்பை ஏற்றாதீர்கள்.

கையில் எடுத்துப் போக முழுக் கவிதை வேண்டும் என்றால் பாலின் ஜான்சனிடம் போங்கள். 1861இல் ஆறு இன நிலத்தில் பிறந்தவர், தந்தை மோஹாக் தலைவர், தாய் ஆங்கிலப் பெண். 1913இல் இறந்துவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரான தெகாஹியொன்வாகே என்பதைத் தன் மேடைப்பெயராக வைத்துக்கொண்டார். முதல் பாதி தோலாடையில், இரண்டாம் பாதி மாலைநேரக் கவுனில் கவிதை சொல்லிக் கனடா முழுக்கச் சுற்றியவர். கென்னிக்கு முன்னால் இரண்டே நிமிடம் இவரைச் சொன்னால், மாணவர்களுக்கு இரண்டு தலைமுறையின் வேறுபாடு தெரியும்: ஜான்சன் கவிதையை வெள்ளையர் மேடைக்குக் கொண்டுபோனார், கென்னி அஞ்சலட்டையில் ஏற்றித் தன் ஆட்களுக்கே அனுப்பினார்.

வடகரை:

நேரக்கணக்கு: பெயரும் மக்களும் 8 நிமிடம், வாழ்க்கை 10, 'கறுப்பு அங்கி' 5, ஸ்ட்ராபெரி 12, மீதி 10 கேள்விக்கு. ஜான்சனின் இரண்டு நிமிடத்தை வாழ்க்கைப் பகுதிக்குள்ளேயே அடக்குங்கள்.

புத்தகம் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1987இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள், 'இரு ஆறுகளுக்கிடையே'. இரண்டாவது முடிந்தால் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 1995இல் போட்ட தொகுப்பு, அதில் தன்வரலாறும் கதையும் சேர்ந்திருக்கும். ஸ்ட்ராபெரி பிரஸ் அஞ்சலட்டைகள் பழம்புத்தகக் கடைகளில் எப்போதாவது தலைகாட்டும், இந்தக் கூட்டத்துக்காக அதைத் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம்.

பால்மரத்தடி:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கவிதையை முதலில் வாசித்துவிட்டு வாழ்க்கைக்குப் போகலாமா என்று ஒரு யோசனை.

கீற்றுக்கொட்டகை:

போகலாம், ஆனால் இரண்டு முறை வாசியுங்கள். தொடக்கத்தில் விளக்கமே இல்லாமல் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. மூன்று மூன்று நிமிடம், 12க்குள் அடங்கும். இரண்டாம் முறை 'முதுகு' வரும் இரண்டு இடத்திலும் ஒரு மூச்சு நிறுத்துங்கள், குரலை உயர்த்த வேண்டாம். பழம் வாங்கி வைப்பதாக இருந்தால் கூட்டத்துக்கு முந்தின நாள் மலையிலிருந்து இறங்கினதாகப் பாருங்கள், கோயில் பக்கத்து அறை வெக்கையில் அரை நாளில் குழைந்துவிடும்.